எழுவாய் மட்டும்

தென்ஹோவின் அறிக்கையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
கெட்ட கொழுப்பு இரண்டு புள்ளி ஒன்பது.
லியக்சா சுகாதார மையத்தில் அந்த எண்ணுக்கு
யாரும் தலை நிமிர்வதில்லை.
வெண்ணெயை விட்டுப் பதினோரு வருடம்,
சிகரெட்டை விட்டு ஆறு.
பனி ஒதுக்கும் வண்டியின் முன்கண்ணாடியில்
அந்தத் தாளைச் செருகி வைத்திருந்தான்,
ஓட்டுநர் உரிமத்தைப் போல.

பிப்ரவரியில், விடிய நாலு மணி நேரம் இருக்கையில்,
வண்டி சாலையோரம் நின்றது.
தகடு இறக்கியபடி.
மஞ்சள் விளக்கு சுழன்றபடி.
பால் வண்டிக்காரர் கதவைத் திறந்தபோது
இடது கையில் வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு
யாருடையது இது என்பதுபோல் பார்த்தானாம்.

எங்கள் மொழிக்குப் பதினைந்து வேற்றுமை.
ஏரியில், ஏரியிலிருந்து, ஏரிக்குள், ஏரியின் மேல்,
எல்லாம் சொல்லின் வாலிலேயே.
இல்லாமல் என்பதற்குக்கூட ஒரு வால் உண்டு.
மூளையின் இடப்பக்கம் ஒரு சிறு கட்டி போய் அடைத்ததில்
பதினான்கு உதிர்ந்துவிட்டன.
"ஏரி" என்கிறான்.
போக வேண்டுமா, போய் வந்தானா,
அதில் விழுந்த கையுறையைச் சொல்கிறானா,
நாங்கள்தான் ஒவ்வொன்றாய் ஒட்டிப் பார்க்கிறோம்
அவன் தலையசைக்கும்வரை.

நான் குவோப்பியோவில் இரத்தத்தைச் சுழற்றுபவள்.
பத்தொன்பது வருடமாக.
சுழன்று முடிந்த குழாயில்
கொழுப்பு அடுக்கடுக்காய் நிற்கும்:
மேலே பாலேடு, நடுவே வைக்கோல் மஞ்சள்,
அதற்கும் கீழே, நல்லது என்று பெயர் வாங்கியது.
கெட்டதும் ஒரே அச்சில் வார்த்ததில்லை.
பருத்து மிதப்பவை உண்டு.
பொடியாய், இறுகி,
எடையில் அடங்கி எண்ணிக்கையில் பெருகுபவை உண்டு.
தென்ஹோவே ஒருமுறை சொல்லியிருக்கிறான்:
ஈரப்பனி வாசலோடு நின்றுவிடும்,
பொடிப்பனி சாவித் துவாரத்தில் நுழையும்,
தராசுக்கு இரண்டும் ஒன்று.
(பொடியா பருமனா, எது மோசம் என்று
மேல்மாடியில் இன்னும் சண்டை.
எத்தனை என்பதில் சண்டை இல்லை.)

அவன் குழாய் வந்தது. பெயரில்லை, பட்டைக்கோடு மட்டும்.
பிறந்த தேதியைப் பார்த்தேன்.
எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

பொடி அல்ல. பருமனும் அல்ல.
வால்.
எல்லோருக்கும் ஓடுகிற அதே துகள்தான்,
அதன்மேல் ஒரு புரதம் உருபுபோல் ஒட்டியிருந்தது.
எழுபத்தைந்துக்குள் இருந்தால் நிம்மதி.
இருநூற்றுப் பன்னிரண்டு.
வெண்ணெய்க்கு அது செவி கொடுக்காது. ஓட்டத்துக்கும்.
கழுத்துத் தமனியின் சுவரில் ஒட்டி ஒட்டி
ஐம்பத்து நான்கு வருடமாய்
ஒரே வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

அனுப்பியவர் அப்பா.
சௌனாவின் படியில், கையில் துவாலையோடு, நாற்பத்தொன்பது வயதில்.
இதயம் என்று எழுதினார்கள்.
தேவாலயத்தில், உழைத்துத் தேய்ந்தவர் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு
என் கையில் நானே ஊசி ஏற்றினேன்.
விதிப்படி தவறு.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இயந்திரம் உடனே நிற்பதில்லை.
வேகம் குறையக் குறைய ஓசை படியிறங்கும்.
இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
மகனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.
நல்லதுதான், என்ன சொல்வதென்று
நான் இன்னும் ஒட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மறுவாழ்வு மையத்தில்
பேச்சுப் பயிற்சியாளர் அட்டைகளைப் பரப்பினாள்.
கோப்பை எங்கே இருக்கிறது?
"மேசை."
மேசையின்மேல், இல்லையா?
"மேசை."
கோட்டுக்குப் பித்தான் போட்டபடி நான் வாசல்வரை போய்விட்டேன்.

"இர்மெலி."

தெளிவாக. குறையே இல்லாமல்.
அழைப்பதற்கென்று எங்கள் மொழியில் வால் கிடையாது,
வெறும் பெயரே போதும்.
திரும்பினேன்.
ஜன்னலைக் காட்டினான்.
"பனி."
வெளியே எவனோ தகட்டை ஒரு சாண் உயரத் தூக்கிப் பிடித்து
பாதிப் பனியைச் சாலையிலேயே விட்டுப் போய்க்கொண்டிருந்தான்.
அவனைத்தான் திட்டுகிறான் என்று நினைக்கிறேன்.